பனியில் தேடிய தம்பி

குல்யாஷ் அக்காவின் இடது காலில் விரல்கள் இல்லை. ஒருமுறை பனிப்புயலில் இரவெல்லாம் காருக்குள் மாட்டிக்கொண்டாராம், அதில் போனதாம் என்று ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் கேள்விப்படுவார்கள். அது சரியில்லை. காருக்குள் இருந்தவரை அவருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. விரல்கள் போனது மறுநாள், நல்ல வெயிலில், தம்பியைத் தேடியபோது.

நான் கசாக் புல்வெளியில் இருக்கும் கராதால் ஊர்ப் பள்ளியில் கசாக்கும் ருஷ்ய மொழியும் சொல்லிக்கொடுக்கிறேன். மாவட்டத் தலைநகருக்குப் போவதென்றால் அக்காவின் ரொட்டி வண்டியில்தான் போவேன். பேக்கரியிலிருந்து புல்வெளி ஊர்களுக்கு ரொட்டி கொண்டுபோவது அவர் வேலை. நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. அவரும் அப்படித்தான். இங்கே எழுதுவதை அவர் ஒரே மூச்சில் சொல்லவில்லை. துண்டு துண்டாகத்தான் சொன்னார். சிலவற்றைப் புல்டோசர் ஓட்டும் கெனா மாமாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அம்மா இறந்தபோது தம்பி யெர்மெக்குக்கு நடக்கத்தான் தெரியும். அக்காதான் வளர்த்தார். "தம்பியும் என்கூட வருவான், சம்மதம்னா தேதி சொல்லுங்க" என்று சொல்லித்தான் சபிட்டைக் கல்யாணம் செய்துகொண்டார். சாலைப் பிரிவின் தலைவர் தொக்தாரை நடையாய் நடந்து பார்த்து, தம்பிக்குச் சாலைத் தடுப்பில் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். புயல் வருகிறதென்று உத்தரவு வந்தால் நெடுஞ்சாலையின் குறுக்கே கட்டையை இறக்கிப் பூட்ட வேண்டும். பிறகு அமைச்சரே வந்தாலும் விடக்கூடாது. யெர்மெக் அந்த வேலைக்குத் தந்த சிவப்புச் சட்டையை வீட்டுக்குள்ளும் கழற்றமாட்டான்.

அந்தத் தொக்தாரின் மகள் ஜனாரைத்தான் அவன் விரும்பினான். தொக்தார் வீடு தடுப்புக்கு அந்தப் பக்கம், தாஸ்துபே ஊரில். மாப்பிள்ளையின் அம்மா போய்ப் பெண்ணின் காதில் தோடு போட்டால்தான் இங்கே நிச்சயம். அம்மா இல்லாததால் அக்கா போக வேண்டும். நாள் குறித்தாயிற்று. அன்று காலையில்தான் சாலையை மூடச் சொல்லி உத்தரவு வந்தது.

தடுப்புக் கட்டையின் முன்னால் காரை நிறுத்திவிட்டு அக்கா இறங்கவில்லை.

"வேண்டாம்டா. மேக்கால பாரு, வானம் மண்ணோட ஒட்டிக்கிச்சு. இன்னொரு நாள் போவோம்."

"ஆட்டை அறுத்துட்டாங்கக்கா. சொந்தக்காரங்க பூரா வந்து உக்காந்திருக்காங்க. கட்டை போடறவனே கட்டைக்குப் பயந்து படுத்துக்கிட்டான்னு சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போகட்டும். ரோட்டை மூடச் சொன்னதே உன் மாமனார்தானே?"

"புயல் அடிக்கறதுக்குள்ள போயிடலாம்க்கா. இந்தப் பக்கம் உன்னைவிட நல்லா ஓட்டற ஆள் யாரு?"

எங்கே தட்டினால் அக்கா திறப்பார் என்று அவனுக்குத் தெரியும். கட்டையைத் தன் கையாலேயே தூக்கினான். கார் தாண்டியதும் மறுபடி இறக்கிப் பூட்டிவிட்டு வந்து ஏறிக்கொண்டான். இனி அவர்களுக்குப் பின்னால் ஒரு வண்டியும் வராது.

பாதி தூரத்தில் காற்று வந்தது. முதலில் சாலையின் மேல் பனி பாம்பு பாம்பாக ஓடியது. பிறகு சாலையே இல்லை. காரின் மூக்கு கூடத் தெரியவில்லை. பள்ளமான ஓரிடத்தில் சக்கரம் எதையோ தொட்டு வழுக்கியது. கார் பக்கவாட்டில் போய்க் குவிந்திருந்த பனியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றது. அக்கா முன்னும் பின்னுமாக அசைத்துப் பார்த்தார். யெர்மெக் மண்வெட்டியால் தோண்டினான். காலடி விரிப்புகளை எடுத்து டயருக்கு அடியில் கொடுத்தார்கள். சக்கரம் விரிப்பைப் பின்னால் துப்பிவிட்டு இன்னும் ஆழமாக உட்கார்ந்தது. தோண்டத் தோண்டக் காற்று நிரப்பியது.

"போதும், விடு. ஆத்துத் தண்ணிய வாரிக் கொட்டற மாதிரி இருக்கு" என்றார் அக்கா.

எங்கள் பக்கம் இதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு பேர் மாட்டிக்கொண்டால், பக்கத்தில் ஊர் இருந்தால் மட்டும், பலமானவர் நடப்பார்; மற்றவர் காரிலேயே இருப்பார். நடப்பவருக்குத்தான் நல்ல துணியெல்லாம். இருப்பவருக்குக் காராவது இருக்கிறதே. என்ன ஆனாலும் இருப்பவர் காரை விட்டுப் போகக் கூடாது. போனவர் ஆட்களோடு அந்த இடத்துக்குத்தானே திரும்பி வருவார்? தாஸ்துபே நடக்கும் தூரம்தான்; கைபேசி எதுவும் அங்கே எடுக்காது.

மாப்பிள்ளைக் கோலத்தில் வந்திருந்த யெர்மெக் காலில் மெல்லிய தோல் ஷூ. அக்கா தன் முழங்கால் உயரக் கம்பளி பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். ஆட்டுத்தோல் கோட்டையும் கொடுத்தார். தன் சால்வையை அவன் முகத்தைச் சுற்றிக் கட்டிவிட்டார்.

"உன் பூட்ஸ் எனக்குச் சரியா இருக்கும்னு சின்ன வயசுலயே சொன்னேன்ல? ஆம்பளக் கால்" என்று அவன் சிரித்தான்.

"வாயை மூடிக்கிட்டு நட. பனி உள்ள போயிடும். தந்திக் கம்பத்தை விட்டு விலகாத. ஒரு கம்பத்துல நின்னு அடுத்த கம்பம் தெரிஞ்சாத்தான் காலை எடுக்கணும்."

"நான் ஆளோட வர்றேன். நீ இறங்கிடாத."

"எனக்கே பாடமா? போடா."

அக்கா எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓட்டினார், அணைத்தார். ஒவ்வொரு முறை ஓட்டுவதற்கு முன்பும் ஊர்ந்து போய்ப் புகைக்குழாயை மூடிய பனியைத் தள்ளினார். தம்பியின் ஷூவுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டார். சம்பந்தி வீட்டுக்காகப் பொரித்திருந்த மாவு உருண்டைகளைத் தின்றார். இருட்டியும் யாரும் வரவில்லை. தனக்காக அவர் பயப்படவில்லை. "கம்பத்தை விட்டுட்டானோ, விட்டுட்டானோன்னு அதே நெனப்புதான்" என்றார் என்னிடம். விடியும் நேரத்தில் பெட்ரோல் தீர்ந்தது. காற்றும் நின்றது.

கண்ணைக் கூச வைக்கும் வெயிலில் புல்டோசர் வந்தது. கெனா மாமா குதித்து ஓடி வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"யாரு உள்ள? குல்யாஷா? அடக் கடவுளே, நீ எப்படி இங்க வந்த? கட்டை போட்டிருந்துச்சே!"

"யெர்மெக் எங்க மாமா? உங்க வண்டியில இருக்கானா?"

"எந்த யெர்மெக்?"

"அவன் சொல்லித்தானே வந்தீங்க?"

"எனக்கு யாரும் எதுவும் சொல்லலையேம்மா. ரோட்டைத் தள்ளச் சொன்னாங்க, தள்ளிட்டு வர்றேன். ஆன்டெனா நுனி தெரிஞ்சுது. இல்லன்னா உன் மேலயே ஏத்தியிருப்பேன்."

அக்காவுக்கு ஒன்றுதான் புரிந்தது. தம்பி ஊர் போய்ச் சேரவில்லை.

மாமா அவரைத் தூக்கி வண்டியில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றார். அக்கா கதவைத் திறந்துகொண்டு குதித்துவிட்டார். "உங்க வண்டிச் சூட்டுல நான் குளிர் காஞ்சா அவன் எந்திரிச்சு வந்துடுவானா?" மாமா வண்டியிலிருந்த வயர்லெஸ்ஸில் சாலைப் பிரிவு அலுவலகத்துக்குச் சொன்னார். அங்கிருந்து நாலைந்து ஆட்கள் நீளக் கழிகளோடு வந்தார்கள். தலைவர் விருந்தாளிகளோடு வீட்டில் இருந்ததால் அவருக்குச் செய்தி உடனே போகவில்லை.

கம்பம் கம்பமாகத் தேடினார்கள். பனி எங்கே மேடாக இருந்ததோ அங்கெல்லாம் கழியை இறக்கிப் பார்த்தார்கள். அந்த மெல்லிய ஷூவோடு அக்கா எல்லாருக்கும் முன்னால் போனார். கழியில் ஏதோ தட்டியதும் விழுந்து கையால் பறித்தார். செத்த செம்மறியாடு. "மவனே, மவனே" என்று அவர் கூப்பிட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது என்றார் கெனா மாமா. தம்பி என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லையாம்.

நண்பகலில் வயர்லெஸ் கரகரத்தது. தொக்தாரின் குரல்.

"யெர்மெக்கையா தேடறீங்க? யாருய்யா கிளப்பிவிட்டது? அவன் நேத்து சாயந்திரமே எங்க வீட்டுக்கு வந்துட்டான். இதோ என் பக்கத்துல உக்காந்து டீ குடிக்கிறான்."

அக்கா பனியிலேயே உட்கார்ந்து சிரித்தார். கெனா மாமாவின் கையைப் பிடித்து முத்தமிட்டார். மற்ற ஆட்களைப் பார்த்து, "உசுரோட இருக்கான்யா, டீ குடிக்கிறானாம்!" என்று கத்தினார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கெனா மாமா மைக்கை வாயருகே வைத்து மெதுவாகக் கேட்டார்:

"நேத்து சாயந்திரமேவா?"

அப்போதுதான் அக்காவுக்குத் தன் காலில் உணர்வே இல்லை என்பது தெரிந்தது.

நடந்தது இதுதான். புயலிலிருந்து வந்தவனிடம் சூடாக ஏதாவது உள்ளே போகும்வரை எங்கள் வீடுகளில் கேள்வி கேட்கமாட்டார்கள். தொக்தாரும் கேட்கவில்லை. ஆனால் பெருமை தாங்காமல் அவரே எல்லாருக்கும் அறிவித்தார்: "ரயில்ல வந்து ஸ்டேஷன்ல இருந்து நடந்தே வந்திருக்கான் பாருங்க! கட்டையைத் தாண்டக் கூடாதுன்னு. இவன்தான்யா என் மாப்பிள்ளை." யெர்மெக் தலையாட்டினான். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தானாம். அதற்குள் கறித்தட்டு வந்துவிட்டது. தட்டு வந்த பிறகு விருந்தாளி எழுந்திருக்கக் கூடாது. காரில் பெட்ரோல் இருக்கிறது, அக்கா கெட்டிக்காரி, காலையில் எப்படியும் புல்டோசர் போகும் என்று கணக்குப் போட்டுக்கொண்டு சாப்பிட்டான்.

ஆஸ்பத்திரியில் விரல்களை எடுத்த பிறகு அவன் வந்தான். கட்டிலில் தலையை வைத்து அழுதான். தொக்தாரிடம் வேறு கதை சொல்லியிருந்தான்: அக்கா தனியாகப் புல்வெளி வழியாகச் சுற்றி வந்திருப்பார், தனக்கு எதுவும் தெரியாது, குளிரில் புத்தி தடுமாறித் தன்னைத் தேடியிருக்கிறார்.

"அதையே நீயும் சொல்லிடுக்கா. கட்டையத் தூக்கினது நான்னு தெரிஞ்சா வேலையும் போயிடும், ஜனாரும் போயிடுவா."

அக்காவின் சித்தியும் அவனோடு வந்திருந்தார். "போனது விரல்தானே குல்யாஷ். அவன் வாழ்க்கை போனா திரும்ப வருமா?" சபிட் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "உன் தம்பி. நீ வளத்தது. நீயே பாத்துக்க." மூன்று பேரில் ஒருவர்கூடப் போர்வையைத் தூக்கிக் காலைப் பார்க்கவில்லை.

அக்கா, "சரி, சொல்றேன்" என்றார். அவன் அழுதால் அவருக்குத் தாங்காது.

அடுத்து ஜனார் வந்தாள், தனியாக, வேகவைத்த நாக்குக் கறியை ஒரு டப்பாவில் எடுத்துக்கொண்டு. நல்ல பெண். சத்தமில்லாமல் பேசுவாள்.

"நீங்க எங்களுக்கெல்லாம் சலாம் சொல்லி அனுப்பினீங்களே அக்கா, அம்மா ரொம்ப சந்தோஷப்பட்டாங்க."

"நான் சொல்லி அனுப்பினேனா?"

"அம்மா கேட்டாங்க, அக்கா ஏன் வரலன்னு. அதுக்கு அவர், 'வீட்ல அடுப்புப் பக்கத்துல சுகமா உக்காந்திருக்காங்க, எல்லாருக்கும் சலாம் சொன்னாங்க'ன்னார். உங்களைப் பத்திதான் ராத்திரி பூரா பேச்சு. உங்க கால் பெரிசுன்னு கிண்டல் பண்றதைச் சொன்னார். நாங்க எல்லாம் வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சோம்."

அவன் வாயைத் திறக்க முடியாமல் இருந்தான் என்றுதான் அதுவரை அக்கா நினைத்திருந்தார். பயந்து ஊமையாகிப் போனவனை மன்னிக்க அவர் தயாராக இருந்தார்.

ஜனார் டப்பாவின் மூடியைத் திறந்து மூடினாள். "ஒண்ணு கேக்கணும் அக்கா. அவர் வந்தப்போ போட்டிருந்த கோட்டு உங்களுதா? அப்பா ஸ்டேஷன்னு சொல்றார். நான் அவரைக் கட்டிக்கப் போறவ. அவர் உங்ககூடக் கார்ல வந்தாரா?"

"வந்தான்" என்றார் அக்கா.

ஜனார் எழுந்தாள்.  போகும்போது போர்வையைத் தூக்கிக் கட்டுப்போட்ட காலைப் பார்த்தாள்.

நிச்சயம் நின்றது. வேலை போயிற்று. யெர்மெக் ஆஸ்பத்திரி வாசலில் நின்று, உள்ளே கேட்கும்படி சொன்னான்: "கூடப் பொறந்தவளே என் கழுத்தை அறுத்துட்டா. ஒரே ஒரு பொய். அதுகூட எனக்காகச் சொல்ல முடியல." பிறகு நகரத்துக்குப் போய்விட்டான். அக்கா துரோகம் செய்துவிட்டார் என்று ஊரில் பாதிப்பேர் இன்றும் சொல்கிறார்கள். சித்தி அவரோடு பேசுவதில்லை. சபிட் பேசுகிறார், தேவையானதை மட்டும்.

போன குளிர்காலத்தில், அந்தப் பள்ளத்தைக் கடக்கும்போது, அவன்மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன்.  அக்கா கியரை மாற்றிக்கொண்டே சொன்னார்:

"அவன் செத்துட்டான்னு நெனச்சு தோண்டிக்கிட்டே போனேன் பாரு, அன்னிக்கு மத்தியானம் வரைக்கும் எனக்கு ஒரு தம்பி இருந்தான்."