பத்தாண்டுக் காலம் ஒரே இடுப்பு

மாதிரி அறையின் நடுவில் ஒரு மரப்பெட்டி கிடக்கும். அதன்மேல் ஏறி நிற்பதுதான் அவள் வேலை. "சும்மா நிக்கிறதுக்கா சம்பளம் குடுக்கிறாங்க? எங்களையும் சேத்து விடுங்க அண்ணி," என்று அவளுடைய நாத்தனாரே கேலி செய்திருக்கிறாள். நிறுவனத்தில் எல்லோருக்கும் அவள் பொம்மையக்கா.

பெண்களுக்கான உடுப்புகள் தைக்கும் நிறுவனம் அது. புது மாதிரி ஒன்று வரைந்தவுடன் அதைத் தைத்து முதலில் அவள் உடம்பில்தான் மாட்டிப் பார்ப்பார்கள். தோளில் பிடிக்கிறதா, தொடையில் இறுக்குகிறதா என்று கட்டிங் மாஸ்டர் சுற்றிச் சுற்றி வருவார், குண்டூசி குத்துவார், சாக்பீஸால் கோடு போடுவார். அவளுக்குப் பொருந்தியதை நடு அளவு என்று வைத்துக்கொண்டு, அதிலிருந்து கூட்டியும் குறைத்தும் மற்ற அளவுகளைப் போடுவார்கள். கடையில் தொங்கும் எல்லா அளவுக்கும் மூலம் அவள் இடுப்புதான்.

பட்டன் தைக்க வந்தவள் அவள். ஒருநாள் மாஸ்டர் விளையாட்டாக அவளுக்கு டேப் வைத்துப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த அளவு அட்டவணையில் உள்ளது அப்படியே அச்சு அசலாக அவளிடம் இருந்தது. அந்த அட்டவணையை யார் எழுதினார், எந்தப் பெண்களை அளந்து எழுதினார் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. கேள்வி கேட்கக் கூடாத நூல்களின் வரிசையில் அதுவும் ஒன்று, அவ்வளவுதான். "நீ அதிர்ஷ்டக்காரிம்மா," என்றார் மாஸ்டர். பட்டன் தைப்பதைவிட இரண்டு பங்கு சம்பளம். ஒரே நிபந்தனை, அளவு மாறக் கூடாது. திங்கள்கிழமைதோறும் டேப் வைப்பார்கள்.

அந்த நிபந்தனையின் கனம் போகப்போகத்தான் தெரிந்தது.

முதலில் வந்தது தோலோடு தோலாக ஒட்டும் ஜீன்ஸ். வெட்டு மேஜையில் மல்லாக்கப் படுத்து, மூச்சை உள்ளே இழுத்து, இரண்டு பேர் பிடித்து ஜிப்பை ஏற்றுவார்கள். உட்காரச் சொன்னால் உட்கார முடியாது. பிறகு முழங்காலில் கிழிந்த ஜீன்ஸ். அந்த மாதிரியை முதன்முதலாகப் பார்த்த அவள் கணவன், லாரி பட்டறையில் மெக்கானிக், தன் வேலைக் காற்சட்டையை எடுத்துக் காட்டி, "இதையும் கொண்டுபோய்க் கடையில மாட்டு, நல்ல விலை போகும்," என்றான். அப்புறம் கையை அப்படியே விட்டுவிட்டுத் தோளில் மட்டும் ஓட்டை வைத்த சட்டைகள். குளிர்சாதனக் காற்று அந்த ஓட்டை வழியாக நேரே எலும்பில் இறங்கும். அப்புறம் ஜீன்ஸின் இடுப்பு தொப்புளுக்கு மேலே ஏறியது, சட்டை அதற்கும் மேலே போனது. நடுவில் தெரியும் நாலு விரல் வயிறு தட்டையாக இருக்க வேண்டும் என்பதற்காக மதியச் சாப்பாட்டை விட்டாள். கடைசியில் எல்லாமே தொளதொளவென்று வந்தது. 'அப்பாடா, இனிமேல் வயிறாரச் சாப்பிடலாம்' என்று மனசுக்குள் துள்ளினாள்.

மாஸ்டரிடம் வாய்விட்டுச் சொல்லவும் செய்தாள். அவர் வாயில் கவ்வியிருந்த குண்டூசியை எடுத்துவிட்டுச் சொன்னார்:

"லூஸுக்கும் அளவு இருக்கும்மா."

வீட்டில் மூன்று பேருக்குச் சமைத்துவிட்டு, தனக்கு வேகவைத்த காயை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போய்விடுவாள். அடுப்பின் வாசனை எட்டாத இடம் அந்தச் சின்ன வீட்டில் அது ஒன்றுதான். யார் வீட்டு விசேஷத்துக்கும் போவதை நிறுத்தினாள். போனால் சாப்பிடச் சொல்வார்கள்.

ஒருநாள் மேல் மாடி அக்கா படியிலேயே உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள். பக்கத்தில் இவர்கள் நிறுவனத்தின் பை.

"நடு அளவு போட்டா முழங்காலுக்கு மேல ஏறல. பெரிசு போட்டாலும் பத்தல. கடைப் பொண்ணு எல்லார் முன்னாலயும் 'உங்களுக்கு இங்க கிடைக்காது மேடம்'னு சொல்லிட்டா. எனக்குத்தான் உடம்பு கோளாறு போல."

அந்த ஜீன்ஸைத் தன் தொடையில் வைத்துத்தான் இறுக்கினார்கள் என்பது இவளுக்குத் தெரியும். அப்படி இறுக்கிய அன்று காலையிலிருந்து தான் தண்ணீர் மட்டும் குடித்திருந்ததும் தெரியும். ஆயிரக்கணக்கான பெண்கள் துணிக்கடைகளின் உடை மாற்றும் அறைகளில் தங்கள் இடுப்பைச் சபித்துக்கொண்டு நிற்பதற்கு, பட்டினி கிடக்கும் ஒருத்தி பெட்டிமேல் நிற்பதுதான் காரணம். சொல்லிவிட நாக்கு துடித்தது. மாதிரி அறையில் நடப்பது வெளியே போகக் கூடாது என்று முதல் நாளே சொல்லித்தான் சேர்த்திருந்தார்கள். "அழாதீங்கக்கா," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

போன வருடம் பேருந்தில் மயங்கி விழுந்தாள். மருத்துவர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு, "சாப்பிடுறீங்களா இல்லையா? இப்படியே போனா எழுந்து நிக்க மாட்டீங்க," என்றார். நிற்பதுதானே பிழைப்பு. பயந்துபோய்ச் சாப்பிட ஆரம்பித்தாள். உடம்பு, காத்திருந்தது போல, விரிந்தது.

திங்கள்கிழமை டேப் வைத்தவள் அவளோடு பட்டன் தைக்க வந்த பழைய தோழி. எல்லோரும் அவளை டேப் என்றே கூப்பிடுவார்கள். டேப் குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மாஸ்டர் பக்கம் திரும்பிச் சத்தமாகச் சொன்னாள்:

"அதே அளவுதான் மாஸ்டர். கல்லு மாதிரி நிக்குது."

"ஏண்டி இப்படி?" என்று பிறகு கழிப்பறையில் வைத்து இவள் கேட்டாள்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு. உன் கன்னத்துல சதையைப் பார்த்து எத்தனை வருசமாச்சு."

அந்த வருடம் முழுக்க ஒவ்வொரு திங்களும் டேப் அதையே சொன்னாள். தொளதொள உடுப்புகளின் காலம் என்பதால் மாஸ்டருக்கும் கண்ணில் படவில்லை. அவள் மேல் பொருத்தித்தான் தைத்தார்கள், அதே பழைய அளவு எண்ணைத்தான் உடுப்பின் சீட்டில் அடித்தார்கள்.

மாட்டியது வேறு வழியில். பத்தாண்டு நாகரிகத்தைத் திரும்பிப் பார்க்கிறோம் என்று ஒரு படத் தொகுப்பு போட நிர்வாகம் முடிவு செய்தது. ஒவ்வொரு வருடத்து உடுப்பையும் பொம்மையக்காவே போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். முதல் வருடத்து ஜீன்ஸைக் கொடுத்தார்கள். முழங்காலைத் தாண்டவில்லை. இரண்டு பேர் இழுத்தார்கள். மேஜையில் படுக்க வைத்தார்கள். தையல் 'டர்'ரென்று விட்டது.

"பழைய துணி, சுருங்கியிருக்கும்," என்றார் மாஸ்டர். அவர் பொய் சொல்லிப் பழகாதவர், காது சிவந்துவிட்டது.

படம் எடுப்பதைப் பார்க்க வந்திருந்த மேலாளர் அம்மா அருகில் வந்தார். டேப்பின் கழுத்திலிருந்து டேப்பை உருவித் தானே அளந்தார்.

"எவ்வளவு நாளா?"

"நான்தான் மேடம் தப்பாச் சொன்னேன்," என்றாள் டேப்.

"அவளை விடுங்க மேடம்," என்று இவள் குறுக்கிட்டாள். வேலை போய்விடும் என்ற நடுக்கத்தோடு ஒரு நிம்மதியும் சேர்ந்து வந்தது. "என்னைத் துணி செக்கிங் பக்கம் போட்டுடுங்க. குறைஞ்ச சம்பளம்னாலும் சரி. என்னால இனி இளைக்க முடியாது. எனக்குப் பசிக்குது."

பத்து வருடத்தில் அந்த அறையில் அவள் அந்தச் சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

மேலாளர் அம்மா அவளை வெளியே நிறுத்திவிட்டு மாஸ்டரோடு நெடுநேரம் பேசினார். போன வருடத்து உடுப்புகள் எப்போதும் இல்லாத அளவு விற்றிருந்தன. திருப்பிக் கொடுக்க வருபவர்கள் பாதியாகக் குறைந்திருந்தார்கள். காரணம் தெரியாமல் விளம்பரக்காரர்கள் தங்கள் முதுகையே தட்டிக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண் பசியாறியதுதான் காரணம் என்று இப்போது இரண்டு பேருக்குப் புரிந்தது. அநியாயம் புரிந்தவர்கள் வெட்கப்படுவார்கள் என்று நினைப்பது நம்முடைய அசட்டுத்தனம். லாபம் புரிந்தவர்களுக்கு வெட்கத்துக்கு நேரமில்லை.

கதவு திறந்தது.

"செக்கிங்குக்கு ஆயிரம் பேர் கிடைப்பாங்க. நீ இங்கதான். இந்த அளவுதான் இனிமே நம்ம அளவு, புரியுதா? கூடவும் கூடாது, குறையவும் கூடாது. சீட்டுல அந்த எண் அப்படியே இருக்கட்டும். வெளியில மூச்சு விடக் கூடாது."

டேப்பைப் பட்டன் பிரிவுக்கு அனுப்பினார்கள். சுவரில் புது அட்டவணை ஏறியது, பழையதன் மேலேயே ஒட்டி.

மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. நாக்கில் எதுவும் ஒட்டவில்லை. திரும்பி வந்தபோது புதிதாக அளக்க வந்தவள் முகத்தைச் சுளித்தாள். "ரொம்பக் குறைஞ்சிருக்கு மாஸ்டர்." அன்றிலிருந்து மேலாளர் அம்மா காலையில் வரும்போதே மாதிரி அறையில் தலையை நீட்டிக் கேட்கிறார்:

"சாப்பிட்டியா?"

ஊரில் தாயும் பிள்ளையும் கேட்டுக்கொள்ளும் அதே கேள்வி.

"பசி இல்ல மேடம்."

"பசியை யார் கேட்டா? சாப்பாட்டுப் பை அங்க இருக்கு பார், சாப்பிடு. மாஸ்டர் காத்திட்டிருக்கார்."

அவள் பெட்டியிலிருந்து இறங்குகிறாள். மூலையில் நின்று, சுவரைப் பார்த்தபடி, ஒரு வாய், இன்னொரு வாய் என்று மெல்லுகிறாள். மாஸ்டர் குனிந்து குண்டூசிகளை எண்ணுவது போலப் பாவனை செய்கிறார். மேலாளர் அம்மா அந்தப் பை காலியாகும்வரை வாசலிலேயே நிற்கிறார்.