ஒட்டிக்கொண்ட ரோல்

போன புதன்கிழமை காலை எனக்குப் பயம் வந்தது. எனக்கு! ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு டாட்டா காட்டிவிட்டு, ஒற்றை மெஷினில் ஆரம்பித்து, இன்று மேனாம்பேட்டில் மூன்று மெஷின் ஓட்டுகிற எனக்கு.

மசாலா, மாவு பாக்கெட்டுகளுக்கான பிளாஸ்டிக் ஃபிலிமை அச்சடித்து, ரோலாகச் சுருட்டி அனுப்புவது என் தொழில். மையை இளக்க அதில் தின்னர் கலப்போம். அது ஃபிலிமில் தங்கிவிடக் கூடாது. அதற்கு நான் செய்யும் சோதனையை, நான் எழுதும் இந்தப் பக்கத்திலேயே பலமுறை பீற்றியிருக்கிறேன் – ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடி, கொஞ்ச நேரம் வெயிலில் வைத்து, திறந்து மோந்து பார்ப்பது. லேப் எதற்கு? என் மூக்கு இருக்கிறதே!

அன்று தேசிங்கு கூப்பிட்டான். என்னிடம் இருபது வருஷமாக இருக்கும் ஆபரேட்டர்.

“நைனா, இங்க வந்து பாரு. ரோல் அவுர மாட்டேங்குது. சுத்தோட சுத்து ஒட்டிக்கினு கீது.”

“இழுத்துப் பார்றா.”

“இழுத்தா கிழியுது. நீயே இழு பயில்வான்!”

இழுத்தேன். சர்ர்ர்... கிழிந்தது.

மகள் மலருக்கு போன் போட்டேன். கல்லூரியில் கெமிஸ்ட்ரி பாடம் எடுக்கிறாள். (மூன்று டிகிரி. படிக்க வைத்தது யார்?)

“அடிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடிச்சாப்பா?”

ஓடவில்லை. முந்தின நாள் பக்கத்து ஃபிளாட்காரர்கள் ‘ஸ்மெல் தாங்கல சார்’ என்று வந்து நின்றார்கள். பெரிய மனுஷன் இல்லையா நான்... ஃபேனை நிறுத்தி, ஷட்டரையும் இறக்கிவிட்டுத்தான் அந்த ரோல்களை ஓட்டினோம்.

“போச்சு. பிளாஸ்டிக்னா நீளநீளமான சங்கிலிங்க பின்னிக் கெடக்குறதுப்பா. சாதாரணமா அசையாது. தின்னர் ஆவி உள்ள போனா இளகிடும். மெதுவா ஊர்ந்து, பக்கத்துச் சுத்துக்குள்ள நுழைஞ்சு பின்னிக்கும். அப்புறம் எப்படிப் பிரிப்பீங்க?”

புரிந்தது. மழைக்காலத்தில் மூடாத டப்பாவில் கிடக்கும் அப்பளம்! ஈரக்காற்றைக் குடித்து, தளர்ந்து, அடுத்த அப்பளத்தோடு ஒட்டிக்கொள்ளுமே...

“சரிம்மா, ஒரு ரோல் போனா போவுது.”

“ரோலை விடுங்க. ஒட்டியிருக்குன்னா ஆவி இன்னும் அதுக்குள்ளதான் இருக்கு. மாவை நிரப்பினா மாவுல எறங்கும். இதோட அடிச்சது வேற எதுவும் வெளிய போயிருக்கா?”



போயிருந்தது. முந்தின நாள் மாலையே இரண்டு ரோல். கோவில்பதாகையில் கைக்குழந்தைகளுக்குச் சத்துமாவு போடும் சாந்திக்கு. பாட்டிலைத் திறந்து மோந்து, ‘ஏ ஒன்’ என்று அனுப்பியவன் நான்தான். எங்கே நின்று மோந்தேன்? அதே மூடிய ஷெட்டுக்குள்! பகல் முழுக்கத் தின்னர் காற்றைக் குடித்த மூக்குக்குப் புதிதாக என்ன தெரியும்?

சாந்தி போனை எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தேன்... இல்லை. மாவு மெஷின் ஓடினால் அவருக்கு மணி கேட்காது. ஓடுகிறது என்றால், பேக்கிங்கும் நடக்கிறதா?

வண்டியை எடுத்தேன். ஆவடி சிக்னலில் பக்கத்து ஸ்கூட்டரில், அம்மா மடியில் இருந்த குழந்தை என்னைப் பார்த்துச் சிரித்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

சாந்தி வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“வாங்கண்ணே! நல்லா குட்த்தீங்க ரோலு! காலைலருந்து பேக்கிங் மெஷினு சும்மா நின்னுகினு கீது. இன்னா, கோந்து தடவி அனுப்ச்சீங்களா?”

“ஒரு பாக்கெட்டாவது போட்டியாம்மா?”

“எங்க போட்றது? பிரிஞ்சாத்தானே!”

வாழ்க்கையில் திட்டு வாங்கி நான் சந்தோஷப்பட்டது அன்றுதான். “திட்டும்மா, இன்னும் நல்லா திட்டு” என்றேன். பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நடந்ததைச் சொன்னதும் ரோலைத் தானே மெஷினிலிருந்து கழற்ற ஆரம்பித்தார். அவருடைய பேரனும் அந்த மாவுதான் சாப்பிடுகிறானாம்.

இரண்டு ரோலையும் திருப்பி எடுத்து வந்துவிட்டேன். ஃபேன் ஓடுகிறது. ஃபிளாட்காரர்களுக்காக, ஃபேன் காற்று போகும் குழாயை அவர்கள் மொட்டைமாடிக்கும் மேலே ஏற்றுகிறேன். இனி லேப் சொல்லாமல் எதுவும் வெளியே போகாது.

ஆனாலும் பயம் விடவில்லை. இந்த ரோல்கள் ஒட்டிக்கொண்டு என்னைக் காட்டிக்கொடுத்தன. கொஞ்சமே கொஞ்சம் ஆவியோடு, ஒட்டாமல், என் மூக்கை நம்பி இத்தனை வருஷம் வெளியே போன ரோல்கள் எத்தனையோ...?