அவசரப்படுத்தினால் ஏமாற்று

மன்னவனூரில் எங்கள் மேட்டுத் தெருவில் பாதி வீட்டுக்கு மேல் என் செல்போன் எண்தான். கேஸ் புத்தகம், ரேஷன் கார்டு, பேங்க், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று எங்கே எண் கேட்டாலும் எல்லாரும் மனப்பாடமாக என் எண்ணைச் சொல்லிவிடுவார்கள். வெளியூர்க்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். அவர்கள் வீட்டில் படுக்கையில் படுத்துக்கொண்டே டவர் கிடைக்கிறது. எங்கள் தெருவில் டவர் கிடைப்பது என் மளிகைக் கடையின் கிழக்கு ஜன்னலில் மட்டும், அதுவும் வலது மூலையில், போனைச் சாய்த்து வைத்தால்.

முதலில் எல்லாரும் அவரவர் போனைக் கொண்டுவந்து அந்த ஜன்னலில் அடுக்கிப் பார்த்தார்கள். காட்டு வேலை முடிந்து வந்து எடுப்பதற்குள், பத்து நிமிஷம் உயிரோடிருக்கும் ஓடிபி செத்து நாலு மணி நேரம் ஆகியிருக்கும். கடைசியில் ஒருத்தர், "அண்ணே போனு எப்பவும் இங்கதான கெடக்கு, அந்த நம்பரையே குடுத்துட்டா சோலி முடிஞ்சிரும்ல" என்றார். அன்றிலிருந்து அதுதான் வழக்கம். மெசேஜ் வந்தால் நான் படித்து, கடை வாசலில் தொங்கும் சிலேட்டில் எழுதிவிடுவேன். 'கடைசி வீட்டுக்கு நாளை கேஸ்.' 'வாத்தியார் வீட்டுக்கு எதிர் வீடு, தடுப்பூசி செவ்வாய்க்கிழமை.' தெருவே வந்து படித்துவிட்டுப் போகும்.

இப்படி ஊர்ச் செய்தியெல்லாம் ஒருவன் கைவழியாகப் போனால் அவனுக்குத் தலைக்கனம் வராமல் இருக்குமா? எனக்கு வந்தது. நான் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்து நிறுத்தியவன். அரைக் கிணறு தாண்டியவனுக்குத்தான் வாய் நீளம். கடை பெஞ்சில் தினமும் வாதம் நடக்கும். டவர் பக்கத்தில் விதைக் கிழங்கு வைத்தால் முளைக்காது என்பார் ஒருவர். வாட்ஸப்பில் டாக்டரே சொன்னார் என்பார் இன்னொருவர். "எந்த டாக்டரு? எந்த ஆஸ்பத்திரி? நீங்க நேர்ல பாத்தீங்களா?" என்று நான் கேட்பேன். எல்லாரும் டீயை உறிஞ்சுவார்கள். அந்த மௌனம் எனக்கு அவ்வளவு ருசியாக இருக்கும். இப்போது நினைத்தால் அருவருப்பாக இருக்கிறது.

போன வருஷம் ஏமாற்று மெசேஜ்கள் படையெடுத்து வந்தன. கரண்டைக் கட் செய்யப்போகிறோம், உடனே இந்த எண்ணுக்குப் பேசு. உன் பார்சல் நிற்கிறது, மாலைக்குள் முகவரி கொடு. உனக்கு வேலை கிடைத்துவிட்டது, இன்றே பதிவு செய். ஒரு வீட்டு அம்மாள் என் கடை ஜன்னலில் நின்று அழுதுகொண்டே கார்டு எண்ணைச் சொல்லப்போன நேரத்தில் போனை வாங்கி அணைத்தவன் நான்தான். அன்றைக்கு ஊர் என்னைத் தூக்கி வைத்துக் கொண்டாடியது. நானும் ஒரு விதி கண்டுபிடித்தேன். எவன் உன்னை அவசரப்படுத்துகிறானோ அவன் ஏமாற்றுக்காரன். உண்மைக்கு அவசரமில்லை. இதைப் பெஞ்சில் சொன்னேன், கல்யாண வீட்டில் சொன்னேன், சிலேட்டின் மேல் சட்டத்தில் வெள்ளைப் பெயின்டில் எழுதியும் வைத்தேன். அவசரப்படுத்தினால் ஏமாற்று. சின்னப் பிள்ளைகள்கூடச் சொல்லிக்கொண்டு திரிந்தன.

எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற வீட்டில் காரட் போடும் ஒரு குடும்பம். அந்த வீட்டுக்காரர் என்னை அண்ணே என்பார், அவர் மகள் பெரியப்பா என்பாள். கொடைக்கானலில் ஹாஸ்டலில் தங்கி ப்ளஸ் டூ முடித்த பெண். நர்ஸ் படிப்பு என்பது அவள் ஆசை. அவள் அப்பாவின் காலில் மண்வெட்டி இறங்கியபோது, நாங்கள் ஆம்பளைகள் எல்லாம் ரத்தத்தைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றோம். அவள்தான் உட்கார்ந்து கழுவிக் கட்டினாள்.

அவள் அப்பா ஒரே வார்த்தையில் முடித்திருந்தார். "இந்த வருசம் ஹாஸ்டலோட இலவசமா எடம் கெடச்சா படி. இல்லேன்னா மாமன் வீட்டுல கேட்டுக்கிட்டே இருக்காக, பேசி முடிச்சிருவோம்." அவரைக் குறை சொல்ல முடியாது. அவரால் முடிந்தது அவ்வளவுதான்.

கொடைக்கானல் நாயுடுபுரத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் விண்ணப்பம் போட்டாள். எண் என்ற இடத்தில் வழக்கம்போல என் எண். இடம் கிடைத்தால் மெசேஜ் வரும் என்று அங்கே சொல்லி அனுப்பினார்கள். அதன் பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் காட்டிலிருந்து வரும் வழியில் கடை முன் நிற்பாள். "வந்துருச்சா பெரியப்பா?" என்பாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். சரி என்று போவாள்.

அந்த மெசேஜ் ஒரு புதன்கிழமை மத்தியானம் வந்தது. எல்லாம் இங்கிலீஷில். வாழ்த்துகள், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள், நாளை மாலை ஐந்து மணிக்குள் கீழே உள்ள இணைப்பை அழுத்தி உறுதி செய்யவும், தவறினால் ரத்தாகும். அனுப்பியவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் நாலைந்து எழுத்து. நடுவில் நீளமாக ஒரு எண். பெயர் இல்லை, ஊர் இல்லை. அந்த வாரத்தில் அதேபோல மூன்றாவது. நான் புளி எடைபோட்டுக்கொண்டிருந்தேன். ஒரு கையாலேயே அழித்துவிட்டேன்.

சாயங்காலம் அவள் வந்தாள்.

"வந்துருச்சா பெரியப்பா?"

"ஒன்னும் வரல தாயி. ஒரு களவாணிப் பய மெசேஜ்தான் வந்துச்சு. செலக்ட் ஆயிட்டீகளாம், நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள அமுக்கணுமாம். அழிச்சுவிட்டேன்."

அவள் போகாமல் நின்றாள். "அப்ளிகேசன் நம்பரு ஏதும் போட்டிருந்துச்சா பெரியப்பா?"

"என்னமோ நம்பரு இருந்துச்சு. நம்பரு போடாத களவாணி யாரு?"

"இல்ல… காலேஜ்லயும் செலக்டுன்னுதான் அனுப்புவாகன்னு சென்டர்ல சொன்னாங்க."

நான் அதோடு நிறுத்தியிருக்கலாம். தெரியவில்லை தாயி, நீயே போய்ப் பார்த்துவிடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தெரியவில்லை என்ற சொல் என் வாயில் அப்போது வராது. கல்லாவை விட்டு எழுந்து வெளியே வந்து, விரலை மடக்கி வாதம் செய்தேன். உன் பேர் இருந்ததா? இல்லை. காலேஜ் பேர் இருந்ததா? இல்லை. இத்தனை மாதம் சும்மா இருந்தவன் இப்போது ஒரே நாளில் பதில் கேட்கிறான், அது ஏன்? பெஞ்சில் இருந்தவர்கள் ஆமா ஆமா என்றார்கள். அவள் சிலேட்டைப் பார்த்தாள். பதினேழு வயதுப் பெண், ஒரு பெஞ்சு நிறைய ஆட்களுக்கு முன்னால் பெரியப்பாவை எதிர்த்து என்ன பேசுவாள்?

"நாளைக்கு வெள்ளனே பஸ்ஸுல போயி கம்ப்யூட்டர்ல பாத்துட்டு வந்துரவா?" என்று மட்டும் கேட்டாள்.

"போகணும்னா போ. வெட்டி அலைச்சல்" என்றேன்.

வீட்டில் அவள் அப்பா, "பெரியப்பாவே சொல்லிட்டாரு, அப்புறம் என்னத்துக்கு அலையுற? நாளைக்குக் காரட் புடுங்கணும், லாரி வருது" என்றாராம். இது எனக்குப் பிறகுதான் தெரியும். மறுநாள் அவள் போகவில்லை. சாயங்காலம் மண் கையோடு கடையைத் தாண்டிப் போனாள். நான் சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, "என்ன தாயி, அஞ்சு மணி ஆச்சு, ஒலகம் இடிஞ்சு விழுந்துச்சா?" என்று கேட்டேன். பெஞ்சு சிரித்தது. அவளும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை மறக்க நான் என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துச் சான்றிதழ் வாங்கக் கொடைக்கானல் போனவள், சென்டரில் பார்த்துவிட்டு ஒரு தாளோடு வந்தாள். கடையில் அப்போது யாரும் இல்லை. தாளை என் முன்னால் வைத்தாள். மதுரைப் பக்கத்தில் ஒரு கல்லூரி, செவிலியர் படிப்பு, இலவச விடுதி, இடம் ஒதுக்கப்பட்டது. அதற்குக் கீழே அந்த வியாழக்கிழமை தேதி, மாலை ஐந்து மணி, உறுதி செய்யப்படவில்லை, ரத்து. நான் இரண்டு முறை படித்தேன். மூன்றாம் முறை எழுத்து தெரியவில்லை.

"திட்டிரு தாயி" என்றேன்.

அவள் திட்டவில்லை. "இதுல ஒரு போன் நம்பர் இருக்கு, பேசிப் பாக்குறீகளா?" என்றாள்.

ஜன்னல் மூலையில் கழுத்தைச் சாய்த்துக்கொண்டு பேசினேன். தமிழுக்கு ஒன்றை அழுத்தவும், மாணவர் என்றால் இரண்டை அழுத்தவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது. அரை அடி நகர்ந்தால் லைன் அறுந்துவிடும், திரும்ப ஒன்றிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நாலாவது முறையில் ஒரு பெண் எடுத்தாள். மரியாதையான குரல்.

"சார், மெசேஜ் டெலிவர் ஆயிருக்குன்னு சிஸ்டம்ல காட்டுது. உங்களுக்கு வந்துச்சா, வரலையா?"

"வந்துச்சும்மா. ஆனா அதுல பேரு இல்ல, காலேஜ் பேரு இல்ல. ஏமாத்து மெசேஜ் மாதிரியே இருந்துச்சு."

"எல்லாருக்கும் அதே மெசேஜ்தான் சார் போச்சு. மத்தவங்க கன்ஃபர்ம் பண்ணியிருக்காங்களே."

"நம்பரு என்னோடதும்மா. புள்ளையோடது இல்ல. இங்க டவர் கெடையாது."

"ஸ்டூடன்ட்டோட சொந்த நம்பர்தான் குடுக்கணும்னு ஃபார்ம்லயே இருக்கே சார்."

அவள் சொன்னதில் ஒரு ஓட்டை இல்லை. வந்ததா, வந்தது. படித்தாயா, படித்தேன். அப்படியென்றால் தவறு யாருடையது? பெஞ்சில் நான் மற்றவர்களிடம் கேட்கும் அதே வரிசையில் அவள் என்னிடம் கேட்டாள். அந்த இடம் அடுத்தவருக்குப் போய்விட்டது என்றாள். அடுத்த வருஷம் விண்ணப்பிக்கலாம் என்றாள். வேறு உதவி ஏதாவது வேண்டுமா என்று கேட்டாள். என் பக்கத்தில் நின்ற கீழ்வீட்டுப் பெண்ணுக்கு எல்லாம் கேட்டிருந்தது. தாளை நாலாக மடித்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவள் அப்பாவைத் தேடிப் போனேன். ஓடைக்கரையில் மகளும் அவருமாகக் காரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். இருவர் கையும் குளிரில் சிவந்திருந்தது. காலில் விழவும் தயாராகத்தான் போயிருந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அந்த மெசேஜ் நிஜம், அழித்தவன் நான், உங்கள் மகள் சொன்னதைக் கேட்காமல் வாயடித்தவனும் நான்.

அவர் நிதானமாகக் கேட்டார். பிறகு தலையை ஆட்டினார். "நேத்தே இவ பேப்பரக் காட்டுனா. பேப்பரு அச்சடிக்க அவனுகளுக்குத் தெரியாதாண்ணே?"

"இல்ல தம்பி, இது நெசம். நான் போன்ல பேசினேன்."

"போன்ல பேசுனது யாரு? நேர்ல பாத்தீகளா?"

"தம்பி, காலேஜ் இருக்கு. மதுரைப் பக்கம். நான் கூட்டிட்டுப் போயிக் காட்டுறேன், இன்னைக்கே கெளம்புவோம். அடுத்த வருசம் நானே கூட நின்னு போட்டுக் குடுக்கறேன். கல்யாணப் பேச்சை மட்டும் தள்ளிப் போடுங்க, வெரசா முடிச்சிராதீங்க."

"காலேஜ் இருக்கும்ணே. நம்ம புள்ளைக்கு அதுல எடம் வந்துச்சுன்னு எவன் கண்டான்? ஹாஸ்டலும் இலவசம், சாப்பாடும் இலவசம், ஆனா நாளைக்கே பதில் சொல்லணும்னா, அது என்ன காலேஜு? நம்பிப் பொம்பளப் புள்ளைய அனுப்பியிருந்தா எங்க கொண்டுபோயி விட்டிருப்பானோ." அவர் குரலில் கேலி இல்லை, கோபம் இல்லை. எனக்காக வருத்தப்பட்டார். "உங்களையே கொழப்பிவிட்டானுக பாருங்க. மனச விடாதீக."

நான் கெஞ்சினேன், கத்தினேன், என் தலையிலேயே அடித்துக்கொண்டேன். நான் எதைச் சொன்னாலும் அதற்கு அவரிடம் பதில் இருந்தது. எல்லாம் நான் சொல்லிக் கொடுத்த பதில்கள். பத்து வருஷமாகப் பெஞ்சில் உட்கார்ந்து ஊருக்குச் சந்தேகப்படக் கற்றுக் கொடுத்தவன், நம்புவதற்கு ஒருத்தருக்கும் கற்றுக் கொடுக்கவில்லை. அவள் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. காரட்டை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் முக்கித் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

மாமன் வீட்டில் ஆவணியில் நாள் பார்க்கச் சொல்லிவிட்டதாக அவர் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "எம் மகளக் காப்பாத்திக் குடுத்தீகண்ணே. நான் மறக்க மாட்டேன்" என்றார். மகளைப் பார்த்து, "பெரியப்பாவுக்கு நல்ல காரட்டாப் பாத்து ஒரு கட்டு கட்டிக் குடு தாயி" என்றார்.

அவள் எழுந்து, பொறுக்கி எடுத்து, தழையோடு சேர்த்து இறுக்கிக் கட்டி, இரண்டு கையாலும் நீட்டினாள். நான் வாங்கிக்கொண்டேன்.