மோசல் ஆற்றில் பேட்டரி ஏற்றியபடி நாற்பது கிலோமீட்டர்

ஆஹெனில் பரீட்சை முடிந்த கையோடு, செப்டம்பர் இரண்டாம் வாரம், மோசல் ஆற்றில் படகில் போனேன். ஊர் சுற்றும் ஆசையால் அல்ல. பான் நகரில் ஆராய்ச்சி செய்யும் நண்பன் ஜோசப்புக்கு, அவனுடைய ஆய்வகப் பட்டறையின் ஃபோர்மேன் கெஸ்லர் தன் வீட்டுப்படகைக் கொடுத்திருந்தார். ஜோசப்புக்கு இஞ்சின் என்றாலே பயம், ஆகவே நான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கோஹெம் துறையில் படகை ஒழுங்காக ஒப்படைக்க வேண்டும். அங்கிருந்து அதே படகில் கெஸ்லர் குடும்பத்தோடு மூன்று வார விடுமுறைக்குக் கிளம்புகிறார். ஜோசப்பின் ஆராய்ச்சிக் கருவியைச் செய்துகொண்டிருப்பவரும் அவர்தான்.

ஆஹெனிலிருந்து கொலோன் வழியாகக் கோப்லென்ஸுக்கு ரயிலில் இரண்டரை மணி நேரம், இருபத்திரண்டு மார்க். அங்கிருந்து படகு நின்ற வின்னிங்கனுக்குப் பஸ்ஸில் பத்துக் கிலோமீட்டர்.

வெள்ளி மாலை ஜோசப்பின் மனைவி ஸ்டெல்லா இட்லி மாவோடு ஏறினாள். இந்தக் குளிரில் மாவு எங்கே புளிக்கும்? முதுகுவலிக்காரர்கள் வைத்துக்கொள்ளும் மின்சார வெப்பப் பையைப் பாத்திரத்தைச் சுற்றிக் கட்டி, படகின் இன்வர்ட்டரில் செருகிவிட்டாள். பக்கத்தில் ஃபிரிட்ஜும் ஓடியது. ஒரே பேட்டரி ஒரு பக்கம் குளிரவைத்து, மறுபக்கம் சூடாக்கிக்கொண்டிருந்தது. எத்தனை மணி நேரம் தாங்கும் என்று பெருக்கிப் பார்க்க எனக்கு ஒரு நிமிடம் போதும். பார்க்கவில்லை. என் தப்பு.

காலையில் மாவு பொங்கியிருந்தது. ஃபிரிட்ஜுக்கும் விளக்குக்கும் உள்ள பேட்டரி படுத்திருந்தது. பேட்டரி அமிலத்தின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.14 காட்டியது; முழு சார்ஜ் என்றால் 1.28 இருக்கும். இஞ்சினுக்குத் தனி பேட்டரி என்பதால் அது கிளம்பியது. ஆற்றில் மூடுபனி. கட்டிய இடத்திலேயே இஞ்சினை மெதுவாக ஓடவிட்டு, சார்ஜ் ஏறட்டும் என்று இட்லி சாப்பிட உட்கார்ந்தோம். இருபத்தைந்தாவது நிமிடம் வார்னிஷ் கருகும் வாசனை. இஞ்சினோடு சுற்றி பேட்டரிக்கு மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டேன், சுர்ரென்று போனது.

"பேட்டரியைக் கழட்டிடுடா!" என்று கத்தினான் ஜோசப்.

"ஓடும்போது கழட்டினா ஆல்டர்னேட்டரோட டயோடு எரிஞ்சிடும். முதல்ல இஞ்சினை நிறுத்து," என்றேன்.

"இது எரிஞ்சா அவர் வெகேஷன் போச்சு. அப்புறம் என் ஆராய்ச்சிக் கருவியை யாருடா முடிச்சுத் தருவா?"

"எஞ்சினியர் சார், ஏழு இட்லி உள்ள போயிருக்கு இல்ல? இப்ப யோசிங்க," என்றாள் ஸ்டெல்லா.

யோசிக்க என்ன இருக்கிறது? காலி பேட்டரி கிடைத்த மின்சாரத்தையெல்லாம் இழுக்கும். மெதுவாக ஓடும்போது ஆல்டர்னேட்டரின் விசிறியும் மெதுவாகத்தான் சுற்றும். மூடிய பெட்டிக்குள் அது வேகாமல் என்ன செய்யும்? உதிரிப் பெட்டியிலிருந்து 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றை எடுத்தேன். ஆல்டர்னேட்டரின் காந்தச் சுருளுக்குப் போகும் கம்பியைப் பிரித்து, இடையில் பல்பைக் கோத்தேன். சுருளுக்குப் போகும் மின்சாரம் குறையும்; அதனால் சார்ஜும் சூடும் குறையும். இஞ்சின் பெட்டியின் மூடியைத் திறந்து கட்டிவைத்தேன்.

பனி விலகி 9.40க்குப் புறப்பட்டோம். ஆற்றை எதிர்த்து மணிக்கு எட்டுக் கிலோமீட்டர். இஞ்சினும் விசிறியும் நன்றாகச் சுற்றின. வழியில் படகை மேல்மட்டத்துக்கு ஏற்றிவிடும் நீர்ப்பூட்டுகள் இரண்டு. இரண்டாவதில் சரக்குக் கப்பலுக்குப் பின்னால் நாற்பது நிமிடம் காத்திருந்தோம். அதுவரை பல்பைக் கழற்றி வைத்தேன். சுருளுக்கு மின்சாரம் நின்றதால் ஆல்டர்னேட்டர் ஓய்வெடுத்தது. செங்குத்தான திராட்சைத் தோட்டங்கள் அழகு என்றார்கள். நான் அரை மணிக்கொரு தரம் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தேன். சுர் சத்தம் பிறகு கேட்கவேயில்லை.

4.10க்குக் கோஹெம். கெஸ்லர் ஏறியதும் முதலில் இஞ்சின் பெட்டிக்குள்தான் எட்டிப் பார்த்தார். இந்தப் பல்பை யார் தொங்கவிட்டது என்று கேட்டார். ஜோசப் கொஞ்சமும் தயங்காமல் என்னைக் காட்டினான். அரைகுறை ஜெர்மனில் எல்லாவற்றையும் சொன்னேன், இட்லி உட்பட. அவர் ஒவ்வொரு செல்லாக அளந்தார்: 1.23. நேரே காருக்குப் போனார். பல்பு ஹோல்டரும் திருகாணிகளும் கொண்டுவந்து, பல்பை இஞ்சின் பெட்டியின் சுவரில் முறையாகப் பொருத்தினார். தொங்குவதெல்லாம் வேலையில் சேராது என்றார். ஐந்தரைக்குக் குடும்பத்தோடு புறப்பட்டுவிட்டார்.

நீங்கள் படகெடுத்தால் ஹைட்ரோமீட்டர், இரண்டு உதிரி பல்பு, கொஞ்சம் கம்பி கொண்டுபோங்கள். படகைக் கட்டிப்போட்டுக் காலி பேட்டரியை சார்ஜ் செய்யாதீர்கள், ஓட்டிக்கொண்டே செய்யுங்கள். நீர்ப்பூட்டு ஒவ்வொன்றுக்கும் முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

கெஸ்லர் நேற்று வேலைக்குத் திரும்பிவிட்டதாக ஜோசப் ஃபோன் செய்தான். மூன்று வாரமும் ஆல்டர்னேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. பல்பை அவர் கழற்றவும் இல்லையாம்.