இரும்புச் சேவல்

பிப்ரவரி, கடைசிச் சனிக்கிழமை. காலை பத்து மணிக்கு, குலசேகரத்தை அடுத்த ரப்பர் மலையிலுள்ள பழைய துரை மாளிகையைப் பார்க்கச் சென்றேன். உடன் அக்காவின் மகன். நுழைவுச்சீட்டு வாங்கி முன்வாசல் வழியாக உள்ளே போனோம். கோபுரம் பழுதுபார்ப்புக்காகப் பூட்டியிருந்தது. நண்பகலில் திரும்பினோம். அக்காவை அடக்கம் செய்தது சென்ற மாதம்.

நான் சிறுவனாயிருந்தபோது அந்த முன்வாசல் எங்களுக்கு உரியதன்று. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் மட்டும் பூங்காவை ஊராருக்குத் திறந்துவிடுவார்கள். வீட்டுப் படியில் கால்வைக்கலாகாது. கூர்முனை வளைவுகளும் வண்ணக் கண்ணாடிச் சன்னல்களும் ஒற்றைக் கோபுரமுமாக அது ஒரு தேவாலயம் போலவே நின்றது. அந்தக் கண்ணாடிகளை உள்ளிருந்து பார்க்கவேண்டும் என்று அக்கா ஓராண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்த ஆண்டு பூங்கா திறந்த அன்று படியருகே போனவளைப் பட்லர், கோழியை ஓட்டுவதுபோல் கைதட்டி விரட்டினார். அம்மாவும் நானும் சாப்பிட அமர்ந்திருந்த மரத்தடிக்குத் திரும்பியவள் சோற்றுப்பொதியைத் தொடவில்லை.

அம்மா அண்ணாந்து மாளிகையை ஒருமுறை பார்த்தாள். கைகழுவினாள். செருப்பைப் படியின் கீழே விட்டு, சேலைத் தலைப்பால் முக்காடிட்டு, எங்கள் இருவரையும் கையில் பிடித்துக்கொண்டு, ஞாயிறு ஆராதனைக்குப் போகும் அதே நடையில் ஏறினாள்.

பட்லர் ஓடிவந்தார். "எம்மா, உள்ள ஏறப்பிடாது! இது துரைக்க வீடாக்கும்!"

"கர்த்தருக்க வீட்டைத் துரைக்க வீடுண்ணா சொல்லுத? நாக்கு அழுவிப்போவும், மக்கா."

கூடத்தின் நடுவே முழந்தாளிட்டாள். எங்களையும் முழந்தாளிட வைத்தாள். மழைக்காக, ரப்பர் பாலுக்காக, துரையின் குடும்பத்துக்காக உரத்த குரலில் ஜெபித்தாள். "வாசல்ல நிக்கப்பட்ட இந்த மவனுக்கும் நல்ல புத்தியைக் குடும், ஆண்டவரே" என்றபோது பட்லர் வேறுவழியின்றித் தலைகவிழ்ந்தார். மாடிப்படியில் இறங்கிவந்த துரைசானி பாதியிலேயே நின்று கண்களை மூடிக்கொண்டார். அக்கா மட்டும் கண்திறந்திருந்தாள். சிவப்பும் நீலமுமாக வெளிச்சம் அவள் பாவாடையில் விழுந்திருந்தது. முதல் "ஆமென்" துரைசானியுடையது. பிறகு அவரே அக்காவின் கையைப் பிடித்துக் கோபுரத்துக்கு அழைத்துப்போனார். நானும் பின்தொடர்ந்தேன். உச்சியிலிருந்து கடல் ஒரு கோடாகத் தெரிந்தது. அக்கா ஊர் முழுவதையும் ஆள்பவள்போல் நின்றாள்.

எனக்கோ ஒரே கவலை. தலைக்குமேல் சிலுவை இல்லை. காற்றுக்குத் திரும்பும் இரும்புச் சேவல் ஒன்றுதான் இருந்தது. அம்மா ஏமாந்துவிட்டாள் என்று நினைத்தேன். இறங்கியதும் மெல்லச் சொன்னேன்: "எம்மா, அது கோயில் இல்ல. மேல சேவலாக்கும் நிக்கி."

"அப்படியா மக்கா? நான் கண்டேனா!" என்று அம்மா செருப்பை மாட்டினாள். அக்கா பேருந்தில் மார்த்தாண்டம் வரை சிரித்துக்கொண்டே வந்தாள். எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

இன்று அதே மரத்தடியில் அமர்ந்து அண்ணாந்தேன். கிளைகளின் இடைவெளியில், கண்ணுக்கு நேரே, சேவல்.

செய்யாமல் விட்டவை: கோபுரத்தில் ஏறுவது. அக்காவை இன்னொருமுறை அங்கே அழைத்துப்போவது. எனக்கும் விளங்கிவிட்டது என்று அவளிடம் சொல்வது.