மைனஸ் பத்து: நூம்பல் வழியாக வேப்பம்பட்டுக்கு

காலை 9.10, ஐயப்பன்தாங்கல் பணிமனை. மே மாத வெயில் அதற்குள் உச்சந்தலையைப் பதம் பார்க்கத் தொடங்கியிருந்தது. என் தோளில் பனிமலைக்கான ஸ்லீப்பிங் பேக். பூந்தமல்லிப் பேருந்தில் ஏறியதும் நடத்துநர் அதைத் தட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது, மெத்தையா?"

"குளிர்ல படுக்குற பை."

"இந்த வெயில்லயா? நடத்து, நடத்து," என்று சிரித்துப் பத்து ரூபாய்ச் சீட்டைக் கிழித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஜனவரியில் நானும் மனைவியின் தம்பி சரவணனும் உத்தரகாண்டில் ஒரு பனிக்காட்டில் ஆறு நாள் நடக்கப் போனோம். சாமான் வாங்கும் பொறுப்பு என்னுடையது. இரண்டு மாதம் காணொளி பார்த்துப் பெரிய நிபுணன் ஆகியிருந்தேனே! பருத்தித் துணி தொடாதே, ஷூ ஓர் அளவு பெரிதாக வாங்கு என்று அவனுக்கு வகுப்பே எடுத்தேன். எனக்கு வாத்து இறகு அடைத்த பை, பதினான்காயிரம். அவனுக்குச் செயற்கைப் பஞ்சு அடைத்தது, மூவாயிரத்து இருநூறு. இரண்டின் உறையிலும் 'மைனஸ் பத்து' என்றுதான் போட்டிருந்தது. நான்காம் நாள் விடிந்தபோது அவனுடைய வலது கால் விரல்கள் கறுத்து விறைத்திருந்தன. இரண்டை எடுத்துவிட்டார்கள். அவன் பள்ளியில் விளையாட்டு ஆசிரியர். இப்போது அதே பள்ளி நூலகத்தில் உட்கார்ந்து பதிவேடு எழுதுகிறான்.

கடைக்காரன் போலிப் பையை என் தலையில் கட்டிவிட்டான் என்று எல்லோரிடமும் சொன்னேன். மனைவி நம்பினாள். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போயே தீருவது என்று ஒற்றைக்காலில் நின்றாள். வழக்கென்றால் ஆதாரம் வேண்டும். சென்னையில் மைனஸ் பத்துக்கு எங்கே போவது?

நூம்பலுக்குத்தான். எங்கள் எதிர் ஃபிளாட்காரர் அங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் மேலாளர். பூந்தமல்லியில் பேருந்து மாறி, வேலப்பன்சாவடியில் இறங்கி, ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் அழுது, 10.40க்குப் போய்ச் சேர்ந்தேன். உறைந்த பட்டாணி மூட்டைகள் அடுக்கிய அறை. கதவுக்கு மேல் சிவப்பு எழுத்தில் −10. சரக்கு அடுக்கும் காஞ்சனா என்ற பெண்மணியை எனக்குத் துணையாக அனுப்பினார்கள். தடித்த கோட்டும் முழங்கால் பூட்ஸும் போட்டிருந்தார்.

நான் சரவணனின் பையை விரித்து உள்ளே நுழைந்ததும், "இங்கயே குடித்தனம் பண்ணப் போறியா சார்?" என்றார்.

"பத்து நிமிஷம்தாங்க. பை போலியான்னு பாக்கணும். மைனஸ் பத்துன்னு போட்டுருக்கான்."

ஆறாவது நிமிடத்தில் கால் நுனி மரத்தது. எட்டாவது நிமிடத்தில் பல் தந்தியடித்தது. எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. போலிதான், சந்தேகமே இல்லை.

"என் கோட்டுல மைனஸ் இருவத்தஞ்சுன்னு போட்டுகீது," என்றார் காஞ்சனா. "அதுக்காவ இதுக்குள்ள தூங்கிட முடியுமா? இருவது நிமிசம் வேல, அப்பால வெளிய ஓடிப்பூடணும். எவ்ளோ நேரம்னு கோட்டு உள்ளாற துண்டுல எழுதிகீது. உன் பையில துண்டு இல்லியா?"

இருந்தது. உள்தையலில், விரல் அகலத் துணி. மூன்று எண்கள். சுகமாகத் தூங்க, பிளஸ் ஐந்து. தாங்கும் எல்லை, பூஜ்ஜியம். உயிர் மட்டும் மிஞ்ச, மைனஸ் பத்து.

கடையில் இந்தத் துண்டைப் பார்த்தேனா? பார்த்தேன். என்னுடைய பையில் மட்டும் வாசித்தேன். அதில் சுகமாகத் தூங்கவே மைனஸ் பத்து. அவனுடையதை விரலால் தள்ளிவிட்டு, 'இவனுக்கு இது போதும்' என்று பில் போடச் சொன்னேன். இளம்வயசு, ஓடுகிற உடம்பு என்று மனதுக்குள் சமாதானம் வேறு. வெட்கங்கெட்ட பிறவி நான்.

"இன்னா சார், மூஞ்சி இப்டி ஆயிடுச்சு? வெளிய வா, டீ குடி," என்றார் காஞ்சனா.

பூந்தமல்லிக்குத் திரும்பி, அங்கிருந்து ஆவடிக்குப் பத்து கிலோமீட்டர் பேருந்தில் நின்றபடி போனேன். 2.05க்கு மின்சார ரயில், ஐந்து ரூபாய். வீட்டுக்குப் போகாமல், சரவணன் இருக்கும் வேப்பம்பட்டுக்குச் சீட்டு எடுத்தேன். திருநின்றவூர் தாண்டும்வரை முதல் வாக்கியத்தை மாற்றி மாற்றி ஒத்திகை பார்த்தேன். ஒன்றும் தேறவில்லை.

சரவணன் கதவைத் திறந்தான். அவன் நடந்து வந்தபோது வலது கால் சற்றுப் பிந்தியே வந்தது. பையைப் பிரித்து உள்தையல் துண்டை அவனிடம் காட்டி, "கடைக்காரன் மேல தப்பு இல்ல, சரவணா. நான்தான் வாசிக்கல," என்றேன்.

அவன் அதைக் குனிந்து பார்க்கவில்லை.

"தெரியும் மாமா. அன்னைக்கு ராத்திரி டென்ட்டுலயே டார்ச் அடிச்சுப் படிச்சேன்."

"என்னை எழுப்பியிருக்கலாமேடா."

"நீங்க நல்லாத் தூங்கிட்டு இருந்தீங்க. எழுப்புனா பையை மாத்திக்கலாம்னு சொல்லுவீங்களோ, மாட்டீங்களோ. அதைத் தெரிஞ்சுக்கப் பயமா இருந்துச்சு."

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். குடித்தேன். புறப்படும்போது பையை மூலையில் வைக்கப் போனேன். அவன் எடுத்து என் தோளில் மாட்டிவிட்டான்.

"இங்க வேணாம். அக்காகிட்ட நீங்களே சொல்லுங்க."

மாலை 6.30க்கு ஐயப்பன்தாங்கல். மூன்றாவது மாடியில் எங்கள் ஃபிளாட்டின் கதவை மனைவி ஆவலோடு திறந்தாள். மேசையில் நீதிமன்ற மனு தயாராக இருந்தது.

"என்னாச்சு? பை மோசம்தானே?"

"பை நல்ல பைதான்," என்றேன்.