நாலாம் மாடிக் கூடையும் பழைய தீயணைப்பு வண்டியும்

இத்தாலிக்குப் போகிறவர்கள் தேவாலயம் பார்ப்பார்கள், கடல் பார்ப்பார்கள். நான் தீயணைப்பு வண்டி பார்க்கப் போனேன். ஸ்ருட்கார்ட்டில் என் மனைவி பெட்டியை அடுக்கித் தரும்போது, "காசைக் கரியாக்கிறதெண்டால் இப்பிடித்தான் கரியாக்க வேணும்" என்று சொன்னாள். தொண்ணூற்றாறாம் ஆண்டு டிசம்பர் மாதத் தொடக்கம் அது. ரயிலில் நாப்போலி வரை போய், அங்கிருந்து இரவுக் கப்பலில் பலேர்மோவுக்குப் போனேன். கப்பலில் ஒரு சாய்வுக் கதிரைக்கு எழுபதாயிரம் லீரா கேட்டார்கள். லீராவில் எண்ணும்போது யாரும் லட்சாதிபதிதான்.

நாலாம் திகதி காலை ஏழு மணிக்குத் துறைமுகத்தில் இறங்கினேன். யோகன் நின்றிருந்தான். ஊரில் நகரசபைத் தீயணைப்புப் படையில் நான் சாரதி, அவன் குழாய் பிடிப்பவன். எட்டு வருடம் ஒரே வண்டியில் போய் வந்தவர்கள். இப்போது நான் ஜெர்மனியில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறேன். அவன் பலேர்மோவில் தனியாக இருக்கும் ஒரு முதியவரைப் பார்த்துக்கொள்கிறான். அந்த முதியவரும் ஒரு காலத்தில் தீயணைப்பு வண்டி ஓட்டியவர். யோகனுக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்.

அவர் வீடு போர்கோ வெக்கியோவில். துறைமுகத்திலிருந்து பத்து நிமிட நடை. இரண்டு பேர் கையை விரித்தால் சுவரைத் தொட்டுவிடலாம் போன்ற ஒழுங்கை. அதன் மேலெல்லாம் கொடிகளில் உடுப்புகள். நாலாம் மாடி, லிஃப்ட் இல்லை. முதியவர் சின்யோர் சால்வோ கதிரையில் இருந்தபடியே கை தந்தார். இடுப்பு எலும்பு முறிந்து இரண்டு வருடமாக அவர் கீழே இறங்கவில்லை.

நான் கோட்டைக் கழற்றும் முன்னரே ஒழுங்கையில் பாண்காரனின் குரல் கேட்டது. யோகன் பல்கனிக்குப் போய்க் கயிற்றில் கட்டிய ஒரு பிரம்புக் கூடையைக் கீழே இறக்கினான். எள்ளுத் தூவிய பாண் மேலே வந்தது. இந்த ஊரில் மேல்மாடிக்காரர்கள் இப்படித்தான் கடைக்குப் போகிறார்கள். கூடையின் அடியில் கைப்பிடி அளவில் ஒரு இரும்புக் கட்டி கிடந்தது.

"உது என்னத்துக்கு?" என்று கேட்டேன்.

"கடற்காத்துக்கு வெறுங்கூடை ஆடும் அண்ணை. அடுத்த வீட்டு யன்னலுக்குள்ளை போயிடும்" என்றான்.

யோகன் என்னை அந்த நாளைக்கென்றே வரச் சொல்லியிருந்தான். தீயணைப்பாளர்களின் காவல் புனிதையான பார்பராவின் திருநாள் அது. நிலையங்களைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவார்கள். இந்த முறை இன்னொரு விசேஷமும் இருந்தது. சின்யோர் சால்வோ இருபது வருடம் ஓட்டிய வண்டி, நகரின் எல்லையில் ஒரு சிறிய நிலையத்தில் இத்தனை காலம் நின்றது. அதை அன்று பின்னேரம் நாப்போலிக் கப்பலில் ஏற்றுகிறார்கள். கடல்தாண்டி இத்தாலியப் பெருநிலத்தில் ஏதோ அருங்காட்சியகத்தில் வைக்கப் போகிறார்களாம்.

"போக முந்தி ஒருக்கால் பாக்க வேணும் எண்டு ஒரு கிழமையா நித்திரை இல்லை அவருக்கு. தூக்கிக்கொண்டு இறங்கிற படியே இது?" என்றான் யோகன்.

படியைப் பார்த்தேன். செங்குத்தான கல், ஒரு ஆள் அகலம். முறிந்த இடுப்புடன் அதில் இறக்கினால் நேராக ஆஸ்பத்திரிக்குத்தான் போகலாம்.

பத்து மணிக்கு நானும் யோகனும் அந்த நிலையத்துக்குப் பேருந்து ஏறினோம். ஆயிரத்து ஐந்நூறு லீரா டிக்கெட். இடையில் இன்னொரு பேருந்து மாறி, பத்துக் கிலோமீட்டருக்குள்தான் ஓடியிருப்போம். கட்டடங்கள் குறைந்து, சியாகுல்லி என்ற இடத்துத் தோடம்பழத் தோட்டங்கள் தொடங்கும் இடத்தில் நிலையம் இருந்தது. ஒரு பாதிரியார் வாளித் தண்ணீரில் தூரிகையைத் தோய்த்து வண்டிகளுக்குத் தெளித்துக்கொண்டிருந்தார். "எங்கடை ஆயுத பூசைதான் அண்ணை, சுண்டல் மட்டும் இல்லை" என்றான் யோகன். ஊரில் நாங்களும் அதைத்தான் செய்தோம். எங்கள் வண்டியை முதல்நாளே கழுவி, மணிக்குச் சந்தனப் பொட்டு வைத்து, சில்லுக்கு அடியில் தேசிக்காய் வைத்து நசிப்போம். அந்த ஒரு நாளாவது தீ விபத்து வரக்கூடாது என்று எல்லோரும் கும்பிடுவோம். வந்துவிடும்.

புதிய வண்டிகள் நான்கு நின்றன. தண்ணீர், நுரை, விளக்கு, எல்லாவற்றுக்கும் பொத்தான். ஒரு இளைஞன் பொத்தானை அமுக்க, ஏணி தானாக எழுந்து பத்து மாடி உயரத்துக்குப் போனது. எங்களிடம் அப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை பேரை இறக்கியிருப்போம். பழையதுதான் நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் என் கால்கள் பழைய வண்டிப் பக்கமே போயின.

அது முற்றத்தின் மூலையில், மூக்குச் சப்பையாக, ஒடுக்கமாக நின்றது. மரத்தாலான ஏணி. வண்டியோரம் ஏறி நிற்கும் பலகையில் சப்பாத்துத் தேய்ந்த பள்ளம். எங்கள் வண்டியின் ஒன்றுவிட்ட அண்ணன் போல இருந்தது. முன்னால் தொங்கிய பித்தளை மணியைத் தட்டிப் பார்க்கலாம் என்று உள்ளே கையை விட்டேன். நாக்கு இல்லை. நாக்கைத் தொங்கவிடும் கொழுவி மட்டும் இருந்தது.

நிலையப் பொறுப்பாளர் ஐம்பது வயது மதிக்கத்தக்கவர். யோகன் கேட்டு எனக்குத் தமிழில் சொன்னான்: "தான் இந்த நிலையத்துக்கு மாறி வரேக்கையே நாக்கு இல்லையாம். ஆரோ களவெடுத்திட்டாங்களாம்."

பிறகு யோகன் வந்த காரியத்தைச் சொன்னான். துறைமுகத்துக்குப் போகும் வழியில்தானே போர்கோ வெக்கியோ, அந்தப் பல்கனிக்குக் கீழே ஒரு நிமிடம் நிறுத்த முடியுமா? சால்வோ என்ற பெயரைக் கேட்டதும் பொறுப்பாளர் தொப்பியைக் கழற்றினார். பயிற்சிக்கு வந்த காலத்தில் அவரிடம் ஏச்சு வாங்கியவராம். ஆனாலும் கப்பல் காத்திராது, நேராகத் துறைமுகத்துக்குப் போகச் சொல்லி உத்தரவு என்று இழுத்தார்.

"பாப்பம் எண்டு சொல்லுறார். எங்கடை ஊர்ப் பாப்பம் மாதிரித்தான் கிடக்கு" என்றான் யோகன். அந்தச் சொல்லை நம்பி யாரும் உலை வைப்பதில்லை.

வீட்டுக்கு வந்து, வண்டி வந்தாலும் வரலாம் என்று சொன்னதுதான் தாமதம், முதியவர் சவரம் செய்யச் சொன்னார். கழுத்துப்பட்டி கட்டச் சொன்னார். கதிரையைப் பல்கனிக்கு இழுத்தோம். அங்கே கூடை கிடந்தது. அந்த இரும்புக் கட்டியை எடுத்துப் பார்த்தேன். அடி பருத்து, மேலே சிறுத்து, நுனியில் ஒரு வளையம். ஒரு பக்கம் மட்டும் தட்டித் தட்டித் தேய்ந்திருந்தது.

"யோகன், இது அந்த மணியின்ரை நாக்கு."

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். இரண்டு வருடமாக அதை வைத்துத்தான் பாண் வாங்கியிருக்கிறான். "வாயைத் திறவாதேங்கோ" என்றான் மெதுவாக.

முதியவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் பேசிய பாஷை புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது. அவர் நிதானமாகச் சொல்ல, யோகன் மாற்றிச் சொன்னான்.

"வேலை விட்ட கடைசி நாள் கழட்டினவராம். சைரன் வந்தாப் பிறகு மணியை ஒருத்தரும் மதிக்கேல்லையாம். பொடியள் விளையாட்டுக்கு அடிப்பாங்களாம். உது நெருப்புக்குப் போகேக்கை மட்டும் அடிக்கிற மணி எண்டு சொல்லுறார்."

முதியவர் சொன்ன மிச்சத்தையும் யோகன் சொன்னான்: "இண்டைக்கு அவங்கள் வந்து சலூட் அடிச்சால், கள்ளனுக்கு அடிக்கிற மாதிரி இருக்குமாம். குடுத்தால் இனி ஒருநாளும் சலூட் அடிக்க மாட்டாங்களாம். என்ன செய்யிறது எண்டு கேக்கிறார்."

நான் நாக்கைத் திரும்பக் கூடையில் வைத்தேன். நகரசபைச் சாமான் ஒரு ஆணிகூட என்னிடம் இல்லை என்று பலரிடம் பெருமை பேசியவன் நான். மனதுக்குள் அவரைக் கொஞ்சம் குறைவாகவே எடைபோட்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நாலு மணி தாண்டியது. வெயில் எதிர்ச் சுவரின் உச்சிக்கு ஏறிவிட்டது. முதியவர் கயிற்றைக் கையில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். யோகன் மூன்று முறை கோப்பி போட்டான். பாப்பம் என்ற சொல்லை நான் மனதுக்குள் திட்டத் தொடங்கிய வேளையில், ஒழுங்கை முனையில் கரகரவென்று ஒரு இயந்திரச் சத்தம் வந்தது. முதியவர் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்காமலே தெரிந்துவிட்டது அவருக்கு.

புதிய வண்டி ஏதாவது இந்த ஒழுங்கையில் நுழைய முயன்றிருந்தால் சுவரோடு நின்றிருக்கும். பழையது இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, கொடியில் காய்ந்த சேலைகள் போன்ற படுக்கை விரிப்புகளை முதுகால் தடவிக்கொண்டு வந்து, எங்களுக்கு நேர் கீழே நின்றது. பெண்கள் பல்கனிகளுக்கு வந்தார்கள். பொறுப்பாளரும் இன்னும் மூன்று பேரும் இறங்கி, வரிசையாக நின்று, அண்ணாந்து சலூட் அடித்தார்கள்.

முதியவர் கம்பியைப் பிடித்து எழுந்தார். யோகன் பின்னால் அணைத்துக்கொண்டான். அவர் பதில் சலூட் அடிக்கவில்லை. பொறுப்பாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாரதி மறுபடி ஏறினான்.

அப்போது முதியவர் ஒரு சொல் சொன்னார். எனக்கே விளங்கியது: கூடை.

தன் சட்டைப்பையிலிருந்த கைக்குட்டையில் நாக்கைச் சுற்றிக் கூடையில் வைத்து, தானே கயிற்றை விட்டார். நாலு மாடி இறக்க நெடுநேரம் எடுத்தது. யாரும் உதவவில்லை. பொறுப்பாளர் கைக்குட்டையை அவிழ்த்தார். கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு மேலே பார்த்தார். போய் மணிக்குள் கையை விட்டுக் கொழுவினார். அடிப்பதற்கு முன் மீண்டும் அண்ணாந்து, அனுமதிக்காகக் காத்து நின்றார்.

முதியவர் தலையை அசைத்தார். பிறகுதான் சலூட் அடித்தார்.

அந்த ஒழுங்கையில் மணிச் சத்தம் எப்படி இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. துறைமுகம் வரை அடித்துக்கொண்டே போனார்கள். வளைவு திரும்பிய பிறகும் கேட்டது. யோகன் அழுதான். நானும்தான்.

மறுநாள் நான் புறப்பட்டுக் கீழே இறங்கியபோது, மேலிருந்து யோகன் கூப்பிட்டான். வழிக்குத் தின்ன இரண்டு தோடம்பழத்தோடு கூடை வந்துகொண்டிருந்தது. பாரமில்லாத கூடை காற்றில் ஆடி, ஒரு யன்னலில் இடித்து, கடைசியில் என் தோளில் வந்து மோதியது. மேலே முதியவர் சிரிப்பது கேட்டது.

கப்பலில் அந்தப் பழத்தை உரித்தபடி எங்கள் வண்டியை நினைத்தேன். அது எங்கே நிற்கிறது, நிற்கிறதா என்றே எங்கள் இருவருக்கும் தெரியாது. ஊரிலிருந்து வந்த நாள் முதல், ஒரு ஆணிகூட எடுத்து வரவில்லை என்று சொல்லித் திரிந்தவன் நான். அன்றுதான் முதன்முறையாக, ஏதாவது ஒன்றைக் கழற்றி எடுத்து வந்திருக்கலாமே என்று நினைத்தேன்.